கார் ஷெட்டுக் கதவும் ஆசாரியின் கைநாட்டும்

உடைந்த கதவைச் சரி செய்வதா, புதுக் கதவு போடுவதா என்று முடிவெடுக்க எங்கள் வீட்டில் ஏழு மாதம் ஆயிற்று. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஏழு மாதம். அப்போது ஆந்திர ராஜ்யத்துக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடுவில் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர் யாருக்கு என்று தீர்க்க வந்தவர்களாவது நாலு பேரைக் கூப்பிட்டு மனு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் நைனா அதுகூடச் செய்யவில்லை. “பார்க்கலாம்” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஏழு மாதத்தையும் ஓட்டிவிட்டார்.

நாங்கள் நகரியில், புத்தூர் போகும் சாலையை ஒட்டிய தெருவில் இருந்தோம். நைனாவிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. திருப்பதிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், சித்தூர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அதை வாடகைக்கு அமர்த்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான். ஆகவே அதற்குத் தெருவைப் பார்த்தாற்போல் தனியாக ஓர் ஓட்டு ஷெட்டு. ஷெட்டுக்கு ஆளுயரத்துக்கும் மேலே இரட்டைக் கதவு. நாங்கள் படுக்கும் அறைக்குக்கூடக் கதவு கிடையாது. அம்மாவின் பழைய புடவைதான் தொங்கும்.

கதவு உடைந்தது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஒரே நாளில் இரண்டு நடை திருப்பதி போய்வந்த அலுப்பில் நைனா காரைப் பின்பக்கமாகவே ஷெட்டுக்குள் விட்டார். இடது கதவு பாதிதான் திறந்திருந்தது. ஐந்து பலகைகளில் மூன்று பிளந்தன. கீழ்க் கீல் பிய்ந்து தொங்கியது. நைனா இறங்கி, காரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிடப் போய்விட்டார்.

வெறும் கதவாக இருந்தால் மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு முடித்திருக்கலாம். ஆனால் அதில் எழுத்து இருந்தது. இடது கதவில் என் மாமா, அதாவது எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு அரசியல் பண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் தம்பி, நகரி தமிழருக்கே என்று தாரால் எழுதியிருந்தார். அது காய்வதற்குள் எதிர்வீட்டுப் பள்ளிக்கூட மாஸ்டரின் மகன் வலது கதவில், நகரி ஆந்திராவுக்கே என்று தெலுங்கில் எழுதிவிட்டான். இரண்டு பேரும் ஒன்றாக வாலிபால் ஆடுகிறவர்கள். சாலை போட வந்தவர்களிடம் இருவருமாகப் போய்க் கேட்டு வாங்கிய ஒரே தார் டின், ஒரே தென்னை மட்டை. கதவுக்குச் சொந்தக்காரரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது உடைந்தது தமிழ்க் கதவு. அதை மாற்றினால் தெலுங்கு எழுத்து மட்டும் தனியாக நிற்கும். தமிழ்க்காரர்கள் நைனாவை விலைபோய்விட்டார் என்பார்கள். இரண்டையும் மாற்றினால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும். பிளந்த பலகைகளுக்குப் பதில் மூன்று புதுப் பலகை அடித்தால் மாமாவின் எழுத்தில் பாதி போய்விடும். மாமா இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே நைனாவிடம் விளக்கினார்.

“அந்த எழுத்து மேல கைய வெச்சா நம்ம பசங்க சும்மா இருக்கமாட்டானுங்கோ மாமா. கார் கண்ணாடி மிஞ்சாது.”

எதிர்ப்பக்கத்துப் பையன்களும் இதையேதான் தெலுங்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கண்ணாடி போனால் புதுக் கண்ணாடி வருகிற வரைக்கும் கார் ஷெட்டில் நிற்கும், நாங்கள் பட்டினி கிடப்போம். நைனா தலையை ஆட்டி, பார்க்கலாம் என்றார்.

ஆசாரி வந்து பார்த்தார். நைனாவை விட மூத்தவர், காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு. கதவைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, அடிப்பக்கம் இரண்டு கதவுமே கரையான் அரித்திருக்கிறது, ஒட்டுப் போட்டால் ஒரு வருஷம் தாங்கும், புதிதாகச் செய்தால் உங்கள் பேரன் காலம் வரை நிற்கும் என்றார். அம்மா புதிது என்றாள். மாமா ஒட்டு என்றார். நைனா என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஆசாரி வாரத்துக்கு ஒரு முறை, முடிவாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வருவார். வருகிற போதெல்லாம் நான் வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தமிழ் வாசகப் புத்தகத்தை வாங்கி, விரலை எழுத்தின் கீழே வைத்துத் தள்ளித் தள்ளிப் படிப்பார். தெலுங்கை எதிர்வீட்டு மாஸ்டரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே என்றார். அவருடைய மகன் பட்டாளத்தில் வடக்கே எங்கோ இருந்தான். அவன் ரிஜிஸ்டர் தபால் அனுப்பும் போதெல்லாம் தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து கட்டை விரலைப் பிடிப்பார். கடிதத்தைப் படித்துக் காட்ட ஆள் தேடி அலைய வேண்டும்.

“அடுத்த தபாலுக்கு கைநாட்டு இல்ல பாப்பா. கையெழுத்துதான். தெருவே பாக்கணும்” என்றார். அதற்காக என் சிலேட்டில் தன் பெயரை எழுதி எழுதி அழிப்பார். நரியும் கொக்கும் கதையை ஒரு தடவைகூடத் தடுக்காமல் படித்து முடித்த அன்று எனக்கு ஒரு கமர்கட்டு வாங்கிக் கொடுத்தார்.

கதவு மட்டும் அப்படியே கிடந்தது. கிணற்றுக் கயிற்றை எடுத்துத்தான் அதைக் கட்டிவைப்போம். கயிறு கதவில் இருந்தால் கிணற்றில் இல்லை, கிணற்றில் இருந்தால் கதவில் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை கட்டி அவிழ்த்து அம்மாவின் உள்ளங்கை காய்த்துப் போயிற்று. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வசவு. மாமாவுக்குப் பாதி, நைனாவுக்குப் பாதி, எல்லை போடுகிறவர்களுக்கும் கொஞ்சம். ஒரு நாள் கயிறு கிணற்றில் இருந்த நேரம் பார்த்து யாரோ வளர்த்த ஆடு ஒன்று உள்ளே புகுந்து, திறந்துகிடந்த காரில் ஏறி, பின் இருக்கையைக் கிழித்து, உள்ளே திணித்திருந்த தேங்காய் நாரைப் பாதி தின்றுவிட்டது. நைனா அதன்மேல் ஒரு சாக்கை விரித்தார். அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் கம்பியில் பட்டுப்புடவை சிக்கி ஒரு முழம் கிழிந்தது. அந்தப் புடவையோடேயே திருப்பதி வரை போனவள், திரும்பி வந்து போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த மாதம் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் வேறு காருக்குப் போய்விட்டன.

அன்று அம்மா கத்தவில்லை. அது எங்களுக்குப் பயமாக இருந்தது. “கண்ணாடி ஒடையும் கண்ணாடி ஒடையும்னு பாத்துக்கினே இருங்கோ. கண்ணாடி மட்டும் பத்திரமா இருக்கும், கார்ல ஏறத்தான் ஆள் இருக்காது” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பங்குனியில் நைனா ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதி, காளஹஸ்தி என்று இரண்டு நாள் போனார். மாமா சித்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா என்னை அனுப்பி ஆசாரியைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். நல்ல வெயிலில் இரண்டு கதவையும் கழற்றிப் படுக்கவைத்து, எல்லாப் பலகைகளையும் பிரித்தார்கள். உடைந்த மூன்று போக ஏழு தேறின. அம்மா என் பலப்பத்தைப் பிடுங்கி ஒவ்வொரு பலகையின் பின்புறமும் எண் போட்டாள். வரிசை மாறாமல் இருக்கத்தான் போடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு இரண்டு பேரும் வேப்ப மர நிழலில் நின்று வெகுநேரம் மெல்லப் பேசினார்கள். ஆசாரி முதலில் தலையை ஆட்டி மறுத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே நின்றார். அம்மா ஏதோ கெஞ்சினாள். அம்மா யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உளியை எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் கதவு நின்றது. ஏழு பழைய பலகைகள், மூன்று புதிது. கரையான் அரித்த அடியை அறுத்துவிட்டுச் சிலதைத் தலைகீழாக அடித்திருந்தார். தமிழ்ப் பலகைக்குப் பக்கத்தில் தெலுங்குப் பலகை, நடுவில் வெறும் பலகை. மாமாவின் எழுத்தில் மிஞ்சியதில் பாதி தலைகீழாக மேலே தொங்கியது. மீதி வலது கதவின் ஓரத்துக்குப் போயிருந்தது. யார் நின்று பார்த்தாலும் ஒரு சொல் தேறாது.

மாமா சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஷெட்டுக்கு வந்தார். எதிர்வீட்டிலிருந்து மாஸ்டரின் மகன் வந்தான். அவரவர் ஆட்கள் வந்தார்கள். பந்து மட்டும் ஒருவன் கையில் சும்மா இருந்தது. இது என்ன வேலை, யார் செய்யச் சொன்னது என்று இரண்டு மொழியிலும் ஆசாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா நடுவில் வந்து நின்றாள்.

“அவர இன்னாத்துக்கு கேக்குறீங்கோ? எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். நல்ல பலகையா பொறுக்கி அடிங்கோன்னேன், அடிச்சிட்டாரு. எது மேல எது கீழன்னு அவருக்கு இன்னா தெரியும்?”

ஆசாரி இரண்டு கையையும் விரித்தார். தனக்கு எல்லாமே தார் சிந்தின மாதிரிதான் இருந்தது என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எனக்குக் கமர்கட்டு வாங்கித் தந்தவர். அவரை இத்தனை பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னால் நான் சும்மா இருப்பதா? உண்மையைச் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமையோடு முன்னால் போய் நின்றேன்.

“ஆசாரிக்கு நல்லா படிக்கத் தெரியும். என் புக்குல நரி கதை முழுசா படிச்சாரு. தெலுங்கும் தெரியும். மாஸ்டர்தான் கத்துக்குடுத்தாரு, அவரையே கேளுங்கோ.”

அம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. எல்லோரும் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் முட்டிபோட வைக்கிற மனுஷர். வீட்டுப்பாடம் எழுதியதாக ஒரு பொய் சொன்னதற்கு என்னை ஒரு மணி நேரம் மணலில் முட்டிபோட வைத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தார், ஆசாரியைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார்.

“வாடிக்கி சதுவு ராது” என்றார். அவனுக்குப் படிப்பு வராது என்று. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தத் தழும்பு பள்ளிக்கூடம் மாறும் வரை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பையன்கள் கதவருகே போய்த் தங்கள் எழுத்தைத் தேடினார்கள். தன்னுடையது போனதில் வருத்தம்; அடுத்தவனுடையதும் போனதில் ஒரு நிம்மதி. படிக்கத் தெரியாத ஆளை என்ன செய்வது என்று மாமாவே சொல்லிவிட்டார். பந்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள். நைனா திரும்பி வந்து கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். அவசரப்படாமல் இருந்ததால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பிற்பாடு தெருவில் சொல்லிக்கொண்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

என்னைத் தெரு முன்னால் பொய்க்காரியாக்கிய ஆசாரியோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவரும் அதற்குப் பிறகு என் புத்தகத்தைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாஸ்டர் வீட்டுக்குப் போவதும் நின்றுபோயிற்று.

ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. ஆசாரி எங்கள் ஷெட்டில் புதுத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். மாமாவும் மாஸ்டரின் மகனும் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்தார். ஆசாரியின் கை காதுப் பென்சில் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி வந்து கட்டை விரலை நீட்டியது.

நீலமான விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். “படிச்சி சொல்லு பாப்பா” என்றார். அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றே ராகம் போடாமல், கடுகடுவென்று படித்தேன். அங்கே குளிர் தாங்காமல் அவருடைய மகன் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிமிர முடியாமல் நடக்கிறானாம். நான் அந்த வரிக்கு வருவதற்கு முன்பே என் தோளுக்குப் பின்னால் ஆசாரி சிரித்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அவருக்குப் படிக்கத் தெரியும், தெரிந்துகொண்டே கைநாட்டு வைத்தார், வெட்கமே இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கைநாட்டா வைத்தார் என்று ஒரு முறை கேட்டாள். பிறகு நைனாவுக்கென்று எடுத்துவைத்திருந்த கேசரியை எடுத்து, அதன்மேல் இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றி, கொண்டுபோய் ஆசாரியிடம் கொடு, இரண்டு கையாலும் கொடு என்றாள்.

கதவுக்காகப் பொய் சொன்ன மனுஷருக்கு எதற்கு இத்தனை நெய் என்று முனகிக்கொண்டே போனேன். போகிற வழியில் எனக்கென்று ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, மீதியை ஒற்றைக் கையால் கொடுத்தேன்.