வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரு கொடி

பிழிந்த துணியை அப்படியே கொடியில் போடமாட்டார் ஐயனார். உலர்ந்த வேட்டியைத் தரையில் விரித்து, ஈரத்துணியை அதன்மேல் பரப்பி, பாய் போலச் சுருட்டுவார். பிறகு அதன்மேல் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குதிகால் அழுந்த நடப்பார். பிரித்தால் பாதி ஈரம் வேட்டிக்குப் போயிருக்கும்.

"நெருப்பு வேணாம், ரெண்டு காலு போதுங்க" என்பார்.

கீரமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். ஆறடி ஆள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஆம்பளை சேலை துவைப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "சிரிக்கட்டுங்க, பல்லு காயும்" என்று சொல்லிவிட்டுத் துவைத்தார்.

இதெல்லாம் போன ஐப்பசியில் தொடங்கியது. மனைவி மீனம்மாளுக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டு குழந்தைகளும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. இந்தப் பெண் பிறந்த நாலாம் நாள் பிடித்த மழை விடவேயில்லை. யுத்த காலம், விறகு கிடைப்பதே பெரும்பாடு. எங்கோ அலைந்து வாங்கிவந்த கரியைச் சட்டியில் மூட்டி, அதன்மேல் குழந்தையின் துணிகளைக் காயவைத்தார்கள். கரி நனைந்த கரி. புகை மண்டியது. குழந்தை இருமத் தொடங்கியது. பால் குடிப்பதையும் விட்டது.

"அந்தச் சட்டியைத் தூக்கி வெளியே வைங்க. புகைதான் ஒத்துக்கலை இதுக்கு" என்றாள் மீனம்மாள்.

"ஈரத்துணியில போட்டாச் சளி கட்டுமேடி!"

"அதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க. இதையும் விட்டுட்டு நான் இருக்கமாட்டேன்."

கரிச்சட்டியை வெளியே வைத்த ஐயனார் அன்று கடை திறக்கவில்லை. பழைய சக்கரக் கம்பிகளைக் கொக்கிகளாக வளைத்தார். தாயையும் சேயையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசலிலிருந்து கொல்லை வரை அந்தக் கொக்கிகளில் நேராகக் கயிறு கட்டினார். இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டதும் காற்று ஊடே ஓடியது. துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி. முக்கால் உலர்ந்ததை அடுப்புக்குப் பின்சுவரில் மாட்டினார்.

"சோறாக்குன சூடு சும்மாதானே போவுது?"

மூன்றாம் நாள் இருமல் தணிந்தது. ஐந்தாம் நாள் காலை நான் விசாரிக்கப் போனபோது உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

"வயிறு முட்டக் குடிச்சிருச்சுங்க!" என்றாள் மீனம்மாள், அழுதுகொண்டே. பிறகு கணவரைப் பார்த்து, "இங்கிட்டு வாங்க. இன்னைக்காச்சும் தூக்குங்க."

பிறந்த நாளிலிருந்து அவர் குழந்தையைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முந்தைய இரண்டையும் தூக்கிக் கொஞ்சியவர் அவர்.

ஐயனார் நின்றபடி வாங்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.