ரப்பர் மாமா அழித்த சிறுமி

என் அக்கா வீட்டுக்காரரைக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரப்பர் என்றால் அவர்தான். பழைய புத்தகங்களை வாங்கி, அபூர்வ நூல் சேகரிப்பவர்களுக்கு விற்கிற கடை அது. முன்பு வைத்திருந்தவர்கள் பென்சிலால் போட்ட கோடு, கையெழுத்து, கிறுக்கல் எல்லாவற்றையும் தடம் தெரியாமல் அழிப்பது மாமாவின் வேலை. ரப்பரைத் துருவித் தூளாக்கி, பஞ்சில் தொட்டு, தாளுக்கு வலிக்குமோ என்பது போலத் தேய்ப்பார். புத்தகத்தின் அருமை பெருமைகளைச் சேகரிப்பாளர்களுக்கு எழுதி அனுப்புவது நான். அவர் கைபட்டதென்றால் 'சுத்தமான பிரதி' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன்.

மாமா வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, அந்த ரகம். காரணம் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள், பாப்பா, ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் தன் அறைச் சுவரில் பென்சிலை அழுத்தி அழுத்திப் படம் போட்டிருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், அக்கா கண்ணசந்த நேரத்தில், இதைப் பார்த்துப் பார்த்து அழுவாளே என்று மாமா அத்தனையையும் அழித்துவிட்டார். அந்த மனிதருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரமாக வரும், கூடவே பாவமாகவும் இருக்கும்.

அக்கா கத்தவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், அவரிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மாமா அந்த அறைக்குள் அதன்பிறகு கால் வைக்கவில்லை. விடுமுறை நாளில்கூட எங்காவது சுற்றிவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். வீடு முழுக்க வெள்ளையடித்தபோதும் அந்த ஒரு சுவரைத் தொட அக்கா விடவில்லை. பிடிவாதக்காரி என்று நான்கூடத் திட்டினேன்.

போன மாதம் ஒரு பயணப் புத்தகம் வந்தது. எந்தக் காலத்திலோ ஓர் ஓவியன் தேசம் தேசமாகப் போய் வரைந்தது. துறைமுகம், பாலைவனம், பனிமலை என்று பக்கத்துக்குப் பக்கம் படம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரே ஒரு குறை. ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒரு குழந்தை பென்சிலால் ஒரு சிறுமியை வரைந்து சேர்த்திருந்தது. படகின் விளிம்பில் அவள். ஒட்டகத்தின் மேல் அவள். மலையேறும் கூட்டத்துக்குக் கடைசியில், இரட்டைப் பின்னலோடு அவள். பாப்பாவுக்கும் இரட்டைப் பின்னல்தான்.

"நாளைக்கு வாங்குறவர் பார்க்க வர்றாரு. அந்தப் பொண்ணு இருக்கக் கூடாது, ரப்பர்" என்றார் முதலாளி.

மாமா உட்கார்ந்து முதல் படத்தை அழித்தார். படகு காலியானது. ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மேஜைமேல் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. தூளை ஊதிவிடத் தாளைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ளே, இவ போகலடா."

"என்ன மாமா சொல்றீங்க?"

"அழிச்சுட்டேன். ஆனா இங்கயேதான் உட்கார்ந்திருக்கா, பாரு."

பார்த்தேன். கரி துளியும் இல்லை. ஆனால் குழந்தை அழுத்தி வரைந்த பள்ளத்தில் வெயில் நிழல் கட்டி, பின்னல் உட்பட அவள் முழுசாகத் தெரிந்தாள். அடுத்த நிமிஷம் மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முதலாளி பின்னாலிருந்து கத்தினார். புத்தகம் பிற்பாடு மற்ற படங்களின் சிறுமிகளோடேயே விலைபோனது, அது வேறு கதை.

வீட்டில் அந்த அறை திறந்திருந்தது. அக்கா சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். மேற்கு ஜன்னல் வெயில் சுவரை உரசிக்கொண்டு விழுந்தது. சுவர் முழுக்கப் பாப்பாவின் படங்கள்! கோணல் வீடு, குடை, பூனை, நடுவில் கைகோத்த மூன்று பேர். எதுவும் போகவில்லை.

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு... தெரியுமா?"

"தெரியும்." இத்தனை வருஷத்தில் அக்கா அவரிடம் பேசிய முதல் பேச்சு. "தினமும் இந்த நேரத்துக்கு வருவா. வெயில் இறங்கினா போயிடுவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அக்கா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னா, இதையும் அழிச்சிருப்பீங்க."