சாரம்மாள் காட்டிய வெளிச்சம்

பாளையங்கோட்டைக் கிருபைராஜ் கிறிஸ்தவக் கோயில் ஆர்மோனியங்களுக்கு வைத்தியர் என்றால், அவர் மனைவி சாரம்மாள் அந்த வைத்தியரின் கண். காலால் மிதித்து வாசிக்கிற அந்தப் பெரிய ஆர்மோனியப் பெட்டிக்குள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டுதான். கிருபைராஜ் தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டுக்கொள்வார். சாரம்மாள் பக்கத்தில் குந்தியிருந்து மெழுகுதிரியைக் காட்டுவாள். துருத்தித் தோலில் எந்த இடத்தில் கீறல், எந்தப் பித்தளை நாக்கில் தூசி என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே தேடுவார்கள்.

சம்பளமில்லாத அந்த வேலைக்காக அவள் உயிரையே விடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் மாமியாரும் போய்ச் சேர்ந்தபிறகு நாலு சுவர்களோடு என்ன பேச? உவரியில் வேலை வந்தால் கடலில் கால் நனைக்கலாம். மற்ற ஊர்களில் கோயில் உபதேசியார் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிட்டு வரலாம். வில்வண்டியில் திரும்பும்போது கிருபைராஜ் அன்றைக்குச் சரிசெய்த சுரத்தில் கீர்த்தனை பாடுவார். குரல் சுமார்தான். அவளுக்கு மட்டும் அது தேன்.

அந்த வாழ்க்கைக்கு ஆபத்து தச்சநல்லூரில் வந்தது. குனிந்து காட்டும்போது அவள் ரவிக்கைக் கையில் தீப் பிடித்துவிட்டது. கிருபைராஜ் வெறுங்கையாலேயே அடித்து அணைத்தார். அவள் முழங்கையில் கொப்புளம், அவர் உள்ளங்கையில் கொப்புளம். "ஏளா, இனி மெழுகுதிரியே கூடாது. தீப்பிடிக்காத வெளிச்சம் ஒண்ணு வாங்கிருவோம்" என்றார். மனுஷன் நல்லதைத்தான் சொன்னார். சாரம்மாளின் நினைப்பு வேறு பக்கம் ஓடியது. தானாக எரிகிற விளக்கு வந்துவிட்டால் பக்கத்தில் குந்தியிருக்க ஆள் எதற்கு? அவர் வண்டியேறிப் போவார், அவள் வாசலில் நின்று அனுப்பிவைப்பாள். இதை வாய்விட்டுக் கேட்கவும் அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

கொழும்புச் சரக்கு விற்கிற தில்லைநாயகம் பிள்ளை கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டே போனார். பிள்ளை முதலில் கண்ணாடி வைத்த சின்ன எண்ணெய் லாந்தர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"எண்ணெய் சிந்துனா துருத்தித் தோலு பாழாப் போயிருமே" என்றாள் சாரம்மாள்.

அடுத்து சைக்கிளில் மாட்டுகிற கார்பைடு விளக்கு.

"இந்த நாத்தத்தோட கோயிலுக்குள்ள போனா பாதிரி ஐயரு நம்மளை வெளியே பத்திருவாரு."

"உம்ம வீட்டம்மாவைத் திருப்திப்படுத்த எலெக்ட்ரிக்குதான் லாயக்கு வே" என்று சிரித்தபடி பிள்ளை உள்ளே போய் இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தார். ஒன்று நீளக் குழல். இன்னொன்று தட்டைப் பெட்டி. விசையைத் தள்ளிவிட்டால் அதுபாட்டுக்கு எரியும். பின்னால் கொக்கியும் உண்டு. "சட்டைப் பொத்தான்ல மாட்டிக்கிடும். ரெண்டு கையும் சும்மா இருக்கும்" என்றார்.

கிருபைராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் மேசைக்கடியிலேயே மல்லாந்துவிட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பட்டப்பகல் மாதிரில்லா தெரியுது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சாரம்மாள் குறை தேடினாள். சூடில்லை, நாற்றமில்லை, சிந்த எண்ணெயுமில்லை. பொய் சொல்லி அவருக்கு நல்ல சாமானைத் தட்டிவிடவும் மனசு வரவில்லை.

"இதையே வாங்குங்க. உங்களுக்கு இதுதான் தோது" என்றாள். சொன்னபிறகு அழுகை முட்டியது. சீப்பு மாட்டியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேசைக்கடியிலிருந்து வெளியே வந்த கிருபைராஜ் பெட்டியைக் கழற்றி வைத்தார். "அந்தக் குழலு மாதிரி இருக்கே, அதைக் காட்டும் அண்ணாச்சி."

"அது ஆகாது வே. பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கணும். விரலை எடுத்தா அணைஞ்சிரும். உமக்குக் கை ஒழியாதே?"

"எனக்கா கேட்டேன்? அவ கையில குடும். கைக்கு அடக்கமா இருக்கான்னு பாக்கணும்."

"எரியுததை விட்டுட்டு அமுக்குததைக் கேக்கீரே!"

"நெஞ்சில மாட்டுனது நான் திரும்புத பக்கந்தானே அண்ணாச்சி திரும்பும்? நான் பாக்காம விட்ட இடத்தை இவல்லா காட்டுவா" என்றார் கிருபைராஜ். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏளா, கனமா இருக்கா? நாளைக்கு உவரிக்குப் போணும்" என்றார்.

சாரம்மாள் கையை நீட்டினாள். குழலை வாங்கிப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கினவள் விரலை எடுக்கவேயில்லை.

"எம்மா, பைய அமுக்குங்க, செல்லு தீந்துரும்" என்று பிள்ளை பதறிக்கொண்டிருந்தார்.