அடைத்த அறையில் ஓட்ஸ்

அத்தான் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் இரண்டு எங்கள் குடும்பத்துக்குப் பிடிபடவில்லை. ஒன்று மைக்ரோவேவ் அடுப்பு. இன்னொன்று ஓட்ஸ் டப்பா. தீ இல்லாமல் கொதிக்கும் என்று அவர் முதலாவதைக் காட்டினார். இரண்டாவதை நான் முகர்ந்து பார்த்தேன். தவிட்டுக்கு விசா கிடைத்து வெளிநாடு போய்வந்தது போலிருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அத்தான் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்கு அவர் என்றைக்குமே சிரித்ததில்லை. எங்கள் உறவு அதனால்தான் கெடாமல் இருந்தது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அக்காவின் வீடு. அவளுக்கும் அத்தானுக்கும் சுகர் உண்டு. அதனால் காலைப்பாடு அந்த மைக்ரோவேவில்தான். ஒரு கிண்ணத்தில் மூன்று கரண்டி ஓட்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சொட்டுப் பால். முகப்பில் இருக்கும் திருகை இரண்டு நிமிடத்துக்குத் திருப்பினால் அது முனகிக்கொண்டே பழைய இடத்துக்கு வந்து மணி அடித்து நிற்கும். மேலே பப்பாளித் துண்டும் பாதி மட்டிப்பழமும் அத்தான் அரிந்து போடுவார். முதல் கரண்டியைத் தன் வாயில் வைத்து, "சூடு உண்டு, பாத்துக் குடி" என்று சொல்லி மீதியை அக்காவிடம் நீட்டுவார். அதற்குப் பிறகுதான் தனக்கு இன்னொரு கிண்ணம். மூன்று வருடம் இது ஒரு நாளும் பிசகவில்லை.

ஒரு கும்ப மாதத்தில் மத்தியானம் உறங்கப் போன அத்தான் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அக்கா காலையில் சுகர் மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்குவாள். ஆகாரம் தொடமாட்டாள். "அவரு குடிக்காம எனக்கு இறங்காது" என்பாள். மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. ஒரு தடவை கிணற்றடியில் விழுந்தாள். இன்னொரு தடவை நெய்யாற்றின்கரை சந்தையில் மீன்காரியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மூன்றாவது தடவை விழுந்தால் தன்னிடம் கொண்டுவந்து பயனில்லை என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் வளைகுடாவில். பக்கத்தில் இருந்தது நான் ஒருத்தன்தான். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நகலெடுப்பு வேலை. உலக இலக்கியம் வாசித்தவன் என்று ஊரில் ஒரு பெயர். கூடப்பிறந்தவளை ஒரு வாய் தின்னவைக்க அந்த இலக்கியம் ஒன்றுக்கும் உதவவில்லை.

கர்க்கடக வாவு வந்தபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த அமாவாசைக்கு இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் ஒரு முறிக்குள் வைத்து, விளக்குக் கொளுத்தி, கதவை அடைத்துவிட்டு வெளியே சத்தமில்லாமல் காத்திருப்போம். அவர்கள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள் என்பது கணக்கு. திறக்கும் முன் கதவில் மூன்று தட்டு. பாதி வாயோடு யாரும் பிடிபடக்கூடாதே. உயிரோடிருந்த காலமெல்லாம் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று சாதித்த ஒரு பெரியப்பாவுக்குக்கூட வருஷம் தவறாமல் கால் குப்பி வைத்துவருகிறோம். உள்ளே வைத்ததை அப்புறம் வீட்டில் உள்ளவர்கள் தின்னவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது. அவர் குடித்த மிச்சம் என்றால் அக்காவுக்கு இறங்கும்.

"அடையும் பாயசமும் வைக்கலாமா அக்கா" என்றேன்.

"கடைசி காலத்துல அவரு காலத்த ஆகாரமா குடிச்சது ஓட்ஸாக்கும். அத வையி. ஆறினா தொடமாட்டாரு, கேட்டியா. மிஷினு அந்த முறியிலதான இருக்கு."

ஏசி வைக்கலாம் என்று அத்தான் தன் முறியில்தான் பெரிய பிளக் போட்டிருந்தார். ஏசி வரவில்லை. மைக்ரோவேவ் அங்கே குடியேறிவிட்டது. நான் கிண்ணத்தை அதற்குள் வைத்துத் திருகை இரண்டு நிமிடத்துக்குத் திருப்பினேன். அந்த நொடியில் கரண்ட் போயிற்று. வெளியே காலையிலேயே கர்க்கடக மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. அக்கா வாசலில் நின்று அவசரப்படுத்தினாள். அத்தான் மிஷின்தானே, வந்தால் திறந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டு, விளக்கை ஏற்றி, கதவை அடைத்துவிட்டு வந்தேன். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பவேண்டும் என்று தோன்றவில்லை.

தரையில் உட்கார்ந்திருந்தோம். மழை கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டைக்குள் முனகுவது போல ஒரு சத்தம். கதவின் அடியில் விளக்கு வெளிச்சத்தை மீறி மஞ்சளாக ஒரு கோடு. முனகல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் விரல்கள் என் கையில் பதிந்தன. பிறகு மணி அடித்தது.

"எலே" என்றாள் மெதுவாக. "கேட்டியா."

மூன்று தடவை தட்டியது அவள்தான். உள்ளே மைக்ரோவேவின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கிண்ணத்தில் ஓட்ஸ் நடுவில் குழிந்து, ஒருவர் ஒரே ஒரு கரண்டி எடுத்தது போலிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ விவசாயச் செய்தி வாசிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. கரண்ட் வந்திருக்கிறது. திருகு விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கிறது. பொங்கி அமர்ந்தால் ஓட்ஸ் குழியும். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல் காலைப்பாடு. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். கிண்ணமும் பழமும் தயாராக இருந்தன.

"உள்ள வச்சிட்டு வா. கதவ அடைக்கணும்."

"வாவு நேத்தே முடிஞ்சாச்சே அக்கா."

"வாவுக்கு மட்டுந்தான் அவருக்குப் பசிக்குமோ? வச்சா போரும், நீ ஒண்ணையும் திருப்பாத. நேத்து நீயா திருப்பின?"

தினமும் சத்தியப் பிரமாணங்களை நகலெடுத்து வயிறு வளர்க்கிறவன், "இல்ல" என்றேன்.

அன்றைக்கே என் புதிய உத்தியோகம் ஆரம்பித்தது. மைக்ரோவேவ் லைனுக்கு மட்டும் வராந்தா மீட்டர் பலகையில் தனியாக ஒரு பீங்கான் ஃபியூஸ் இருந்தது. முதல் நாள் அதைப் பிடுங்கினேன். அது பையில் இருக்கத்தான் தினமும் உள்ளே போவேன். முதுகால் மறைத்துக்கொண்டு திருகைத் திருப்புவேன். கதவை அடைத்த பின், வெற்றிலை துப்பப் போகிறவனாக வராந்தாவுக்கு வந்து ஃபியூஸை மாட்டுவேன். முனகல், மணி, மூன்று தட்டு, அக்கா தின்பாள். போகும்போது மறுபடி பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். காலையில் அவள் கண்முன் நின்று பிடுங்க முடியாதல்லவா. வெற்றிலைப் பழக்கம் எனக்கு வந்தது இப்படித்தான். அக்காவின் முகத்தில் ரத்தம் ஊறியது. டாக்டர் புது மருந்தின் குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

அடுத்து வந்த சிங்க மாதத்தில் ஒரு நாள் பாறசாலை ரயில்வே கேட்டில் என் பஸ் மாட்டிக்கொண்டது. ஒரு கூட்ஸ் வண்டி பாதையை அடைத்து நின்று யோசித்துக்கொண்டிருந்தது. மணி எட்டு கழிந்தது. ஏழுக்கே அவள் மாத்திரை போட்டிருப்பாள். மணி அடிக்காமல் தின்னமாட்டாள். சட்டைப்பையைத் தொட்டேன். ஃபியூஸ் குளிர்ந்து கிடந்தது. பஸ்சிலிருந்து இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, ஓடியும் நடந்தும் போனேன். கிணற்றடியைத்தான் முதலில் பார்த்தேன். அவள் அங்கே கிடக்கவில்லை.

அடுக்களையில் மேசைமுன் உட்கார்ந்து பப்பாளி மென்றுகொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி வந்தது.

"ஏன் இத்தன தாமசம்?"

"கேட்டு அடச்சிருந்து." கேஸ் அடுப்பைத் தொட்டேன். பச்சைத்தண்ணியாகக் கிடந்தது. விறகடுப்புச் சாம்பலில் பூனை சுருண்டு உறங்கிற்று. வராந்தாவுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பித்தளைப் பல் மட்டும். முறியின் வாசலில் நின்றேன். மைக்ரோவேவின் கண்ணாடியில் ஆவி முத்துமுத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை.

"நீ வராட்டா என்ன? மணி அடிச்சு" என்றாள் அக்கா. "இன்னைக்கு ரெண்டு தடவையாக்கும்."

அப்போதுதான் கவனித்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி இழுத்துப்போட்டிருந்தது. அதன்முன் இன்னொரு கிண்ணம். நடுவில் குழி.

"அதத் தொடாத, அதுக்கு ஆளுண்டு. உனக்கு வேற போடட்டா மக்கா? ரெண்டு நிமிசந்தான்."

வீட்டிலேயே குடித்துவிட்டேன் என்றேன். பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு காலையில் அந்தப் பக்கம் போவதில்லை. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது வேலிக்கு வெளியே நின்றபடி, "காலத்த குடிச்சியா அக்கா?" என்று கேட்பேன்.

"பின்ன? நாங்க ரெண்டுபேரும் குடிச்சாச்சு" என்பாள்.

அவள் ஒரு நாளும் விழவில்லை. நானும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.