கிரே மேர் இடிக்கப்பட்ட சனிக்கிழமை

இல்ஃபோர்டைத் தாண்டிக் கிழக்கே போகும் பெருந்தெருவில், குதிரை வண்டிப் பயணிகள் தங்கிப் போன சத்திரங்கள் ஆறு இருந்தனவாம். எல்லாம் பிறகு பப்களாகி, ஐந்து மூடப்பட்டுவிட்டன. அவற்றில் ஒன்று இப்போது கோழி பொரிக்கும் கடை. மிஞ்சியிருந்தது 'கிரே மேர்' மட்டும்.

அதன் மனேஜர் றோஸ்மலர். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க் போய், அங்கிருந்து லண்டன் வந்து, கிளாஸ் கழுவச் சேர்ந்தவர். பதினாறு வருடம் அங்கேதான் வேலை. மூன்று வருடத்துக்கு முன் சொந்தக்காரக் கம்பெனி பப்பை மூடி, வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றது. அவருக்கு வந்தது நான்கு வரி ஈமெயில்.

பப்புக்குத் தினமும் வரும் பழைய பஸ் டிரைவர் லெஸ்லியுடன் சேர்ந்து, வண்டிகள் நுழைந்த வளைவு வாசலையும் பின்னாலிருந்த லாயத்தையும் படமெடுத்தார். பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பித்தார்.

"வெள்ளையளின்ர தவறணைக்கு நீ ஏன் அடிபடுறாய்?" என்றார் கணவர் யோகராஜா.

"பதினாறு வருசம் நான் துடைச்ச இடம். என்ர இல்லாமல் வேற ஆற்ற?"

செவ்வாய்க்கிழமை அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலை லெஸ்லி போன் செய்தார். "றோஸ், இடிக்கிற மெஷின் வந்துவிட்டது."

றோஸ்மலர் வீட்டுச் செருப்போடு ஓடினார். வளைவு வாசலுக்குள் போய் நின்றார். கட்டடம் ஆபத்தானது, விலகுங்கள் என்றான் மேற்பார்வையாளன்.

"போன மாதம் வரைக்கும் அறுபது பேர் இதற்குள் இருந்து சாப்பிட்டார்கள். அப்போது இல்லாத ஆபத்து இப்போது எங்கிருந்து வந்தது?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். இரண்டு காவலாளிகள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார்கள். பொலிஸ் வந்தபோது கூரை இல்லை. செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரிக்குப் பார்க்கக் கிடைத்தது செங்கல் குவியல்.

இந்த வருடம் அங்கே அடுக்குமாடி எழுந்தது. பெயர் 'கிரே மேர் கோர்ட்'. திறப்பு விழாவில் பழைய நினைவுகளைப் பேச, கடைசி மனேஜரான றோஸ்மலரைக் கூப்பிட்டார்கள். கட்டினவர்களுக்கு வெட்கமே இல்லை. அவர் போனார். மைக்கைப் பிடித்து, "அதிகாரி வர மூன்று நாள் இருக்கும்போது இதை இடித்தவர்கள் இவர்கள்தான்" என்று கைநீட்டிக் காட்டினார். மைக்கை நிறுத்தினார்கள். மைக் இல்லாமலே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் வேறொரு பப்பில் வேலை. அதுவும் பழைய கட்டடம். சேர்ந்த முதல் வாரமே அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்க விண்ணப்பம் போட்டார். போன மாதம் அறிவிப்பு வந்தது. இனி யாரும் அதைத் தொட ஏலாது.

"இனியாவது கோபம் ஆறிச்சுதோ?" என்று கேட்டார் யோகராஜா.

"இல்லை," என்றார் றோஸ்மலர். "ஏன் ஆற வேணும்?"