நார்மல் என்று சொன்னார்கள்

வேங்கிக்காலில் என் கணவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. குடும்பத்தாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். உயரமும் எடையும் பார்த்து ஆளுக்கொரு பிஎம்ஐ எண் சொன்னார்கள். அவருக்கு இருபத்திரண்டு, நார்மல். எனக்கு இருபத்தெட்டு, அதிகம். பக்கத்து மேசையில் ரத்தப் பரிசோதனை. நான் கையை நீட்டினேன். அவர், "நார்மல்னு சொல்லிட்டாங்களே, எனக்கு எதுக்கு?" என்று எழுந்துவிட்டார். என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. அதை அவர் காதில் வாங்கவில்லை.

அதற்கப்புறம் நான் இன்னொரு தோசை எடுத்தால் என் தட்டைப் பார்ப்பார். அவர் தம்பி குடும்பம் சாப்பிட வந்த அன்று, பரிமாறிய தம்பி மனைவியிடம், "இவளுக்குக் கம்மியா வைங்க, டாக்டரே சொல்லிட்டாரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவருக்குக் கை கால் குச்சிதான், ஆனால் சட்டைக்குள் வயிறு மட்டும் முன்னால் நிற்கும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். ஒருமுறை ரத்தம் பார்த்துவிடலாம் என்று சொன்னால், என் பிஎம்ஐயைக் குறைக்கும் வழியைப் பார்க்கச் சொல்வார்.

ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டியதும் அவர் காலில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான். கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது, அவருக்கு உறைக்கவே இல்லை. புண் ஆறாமல் கறுத்தது. சர்க்கரை வெகுநாளாகவே இருந்திருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

தன் பிஎம்ஐ நார்மல் என்று படுக்கையிலும் வாதாடினார். பெண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா அந்த நம்பர் வரும், அவ்ளோதாங்க. கொழுப்பு எவ்ளோ இருக்கு, எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நம்ம ஆளுங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் வயித்துல சேர்ந்துடும். இடுப்பளவையும் பாக்கணும், ரத்தத்தையும் பாக்கணும்."



அடுத்த நாள் என் கணவரின் அக்கா வந்தார். கட்டிலருகே நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவ உடம்பப் பாத்தாலே தெரியுதே. அவ சாப்பிடுறதத்தான இவனுக்கும் ஆக்கிப் போட்டிருக்கா," என்றார். இல்லை என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போதும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். விசாரிக்க வருகிறவர்களிடம், கண்ணாடி குத்தியதால் வந்த வினை என்கிறார். அவர்கள் கிளம்பும்போது வாசலில் என்னிடம், "நீயும் கொஞ்சம் உடம்பக் கொறைச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.