எழுத்தில்லாத மஞ்சள் காகிதம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் கரித்துணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கிழிந்த சேலை குழந்தைக்கு அணையாடை ஆனது. அணையாடை கிழிந்தால் ஒட்டுப்போட்டு மறுபடியும் அணையாடை. விறகடுப்புக் கரியையும் செம்பனை எண்ணெய் சிந்திய தரையையும் துடைக்கத் துணிக்கு எங்கே போவது?

எங்கள் காஜா பேராங் பகுதியில் பலர் பழைய செய்தித்தாளால் துடைத்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. எழுத்துள்ள காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு. சரஸ்வதியை எடுத்து அடுப்பைத் துடைப்பதா? அதோடு, அந்தத் தாள்களில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் படம் இருக்கும். அதில் குழந்தையின் மலத்தைத் துடைத்ததை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே ஜாவாக்காரத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எழுத்தே இல்லாத மஞ்சள் காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்தபோது, கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். சொரசொரப்பான தாள். ஈரத்தை நன்றாக உறிஞ்சியது. கொஞ்சம் கிழங்குக்கு இவ்வளவு காகிதமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"எங்கேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டேன்.

"துடைக்கத்தானே வாங்குற? துடை" என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மருத்துவமனையில் மிஞ்சியதோ? நோயாளிகளின் பக்கத்தில் கிடந்ததோ? முகர்ந்து பார்த்தேன். ஊதுவத்தி வாசனை மாதிரி ஏதோ ஒன்று. குழந்தை தவழும் தரையாயிற்றே. ஒவ்வொரு கட்டையும் பிரித்து வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே எடுத்தேன். அப்போதும் மனம் ஆறவில்லை.

அந்த நாட்களில் நான் எதைத்தான் நம்பினேன்? என் கணவர் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடத் தமிழ் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகக் கேள்விப்படவில்லை. அவரை உள்ளறையில் ஒளித்துவைத்துவிட்டு, மூவாருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தேன்.

அடுத்த வீட்டில் இருந்தவர், மலாய் பேசும் பாபா சீனக் குடும்பத்து விதவை. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை 'பீபிக்' என்றுதான் கூப்பிடுவோம். வேலியோரத்துக் குப்பைக்குழி இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு காலையில் பீபிக் குச்சியால் எங்கள் காகிதங்களைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

என் கணவர் சவரம் செய்து கத்தியைத் துடைத்ததும் அந்தக் காகிதத்தில்தான்.

உள்ளே ஓடினேன். "ஏங்க, சவரம் பண்ணாட்டி என்ன? யாரு பாக்கப் போறா உங்கள?"

"நீ பாக்குறியே. தாடி வச்சா புள்ள அழுவுது."

"பீபிக் நம்ம குப்பையக் கிளறுறாங்க."

"கோழிக்கு ஏதாச்சும் தேடுவாங்க. உனக்கு எல்லாருமே ஜப்பான்காரன் ஆளுதான்."

"இல்லன்னு சத்தியம் பண்ணுங்க, பாப்போம்."

அவர் பண்ணவில்லை.

அன்றைக்கே, துடைத்த காகிதங்களை எரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அடுப்பில் போட்டால் எண்ணெய்ப் புகை குழந்தைக்கு ஆகாது. பின்வாசலில் பழைய தகர டின்னில் போட்டுக் கொளுத்தினேன். டின்னில் பாதிகூட எரியவில்லை. பீபிக் வேலிச் சந்து வழியாக வந்து நின்றார்.

"அடிக், யாருக்கு எரிக்கிற?" வயதில் சின்னவள் என்பதால் அவருக்கு நான் அடிக், தங்கச்சி.

எனக்குப் புரியவில்லை. "குப்பை, பீபிக்."

"குப்பையா? செத்தவங்க செலவுக்குன்னு எரிச்சு அனுப்புற காகிதம் இது. முன்னே வெள்ளி ஒட்டியிருக்கும். இப்போ வெள்ளிக்கு எங்கே போறது?" குரலைத் தாழ்த்தினார். "உன் புருஷனா? மூவார்லயா?"

சீனர் எரிக்கும் தாள்களைப் பளபளவென்றுதான் பார்த்திருக்கிறேன். வெறும் மஞ்சள் தாளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிணத்துக்கு உரியதைக் கொண்டு குழந்தை தவழும் தரையைத் துடைத்திருக்கிறேன் என்று உடம்பு கூசியது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அவர் கேட்ட கேள்வி. 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் கணவரை யாரும் தேடமாட்டார்கள். அந்தச் சொல்தான் வாயில் வரவில்லை. கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், சுவருக்கு அந்தப்பக்கம் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். எப்படிச் சொல்வேன்? இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். புகையில் கண்ணீர் வந்தது.

பீபிக் என் தாலியைப் பார்த்தார். தமிழர்களோடு வெகுகாலம் பழகியவர், அதன் அர்த்தம் தெரியாதவரில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி நெருப்பில் போட்டார்.

"இவ்வளவு அழுக்கா அனுப்புவாங்க? செத்தவர் கோவிச்சுக்கப் போறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, ஜப்பானியர் நியமித்த பகுதித் தலைவர் ஆண்களை விசாரித்துக்கொண்டு தெருவில் வந்தார். முதலில் பீபிக் வீட்டு வாசலில் நின்றார். குழந்தையை மார்போடு அணைத்தபடி கதவிடுக்கில் காதை வைத்தேன்.

"அந்த வீட்டு ஆம்பளையா? போய்ச் சேந்தாச்சு. காகிதம் எரிச்சாங்க, நானே கூட நின்னேன்" என்றார் பீபிக்.

"தமிழாளுங்க காகிதம் எரிப்பாங்களா?"

"பேயாப் போனவனுக்குத் தமிழென்ன, சீனமென்ன? குடுத்தா வாங்கிக்குவான்."

தலைவர் சிரித்துக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பீபிக் எங்கள் பின்வாசலுக்கு வந்தார். "துடைக்காத காகிதம் மிச்சமிருந்தா குடு, அடிக். ஜப்பான் சண்டை வந்ததிலேருந்து என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே அனுப்பல."

நான் பேசுவதற்குள் உள்ளறையில் இருமல் கேட்டது. அடக்கியும் அடங்காத இருமல்.

பீபிக் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "உன் வீட்டுப் பூனைக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு. இஞ்சி வச்சுக் குடு."

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மிச்சமிருந்த கட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, தனக்கு எல்லாம் தெரியும் என்று எச்சரித்தாரா? காகிதம் கேட்டு வந்தவர் நாளைக்கு வேறு எதையாவது கேட்டால்? நன்றி சொல்ல வாயெடுத்து, அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மூடிக்கொண்டேன்.

அன்று மாலை இஞ்சி தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தேன். இருமல் கொஞ்சம் தணிந்தது. மறுநாளிலிருந்து செய்தித்தாள்களில் எழுத்துப் படாத ஓரங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து அடுப்படியைத் துடைத்தேன். துடைத்ததைப் பொதுக்குழியில் போட்டேன். சவரக்கத்தி துடைத்த துண்டுகளை மட்டும் அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டேன்.